ரெட்வுட் மரத்துக்குப் பின்னால்

1986ஆம் ஆண்டு இலையுதிர் காலம். யாழ்ப்பாணத்திலிருந்து டென்மார்க்குக்கு வந்து, கிரின்ஸ்டெட் என்ற சிறு ஊரில் நாங்கள் குடியேறி ஒரு வருடம்கூட ஆகவில்லை. கணவர், நான், ஏழு வயது மகள். எங்களுக்கு அங்கே நெருக்கமாக இருந்த ஒரே ஆள் பக்கத்து வீட்டு டேனிஷ் பெண்மணிதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் தன் காரில் எங்களைக் காட்டுக்கு அழைத்துப் போவார். அதன் நடுவே ரெட்வுட் மரங்கள் கூட்டமாக நின்றன. யாரோ அந்தக் காலத்தில் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து நட்டவையாம். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். சிவந்த பட்டையை அழுத்தினால் தேங்காய்த் தும்புபோல மெத்தென்று இருக்கும். மகள் ஒவ்வொரு மரத்தையும் கட்டிப்பிடித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவாள்.

இந்தப் பாதைகளை இருட்டிலும் பார்க்க வேண்டும், டோர்ச் வேண்டாம், கண் தானாகப் பழகிவிடும் என்று அந்தப் பெண்மணி ஒருநாள் சொன்னார். நான் தயங்கினேன்.

"உமக்குப் பயப்பிட ஒண்டும் இல்லாட்டி, அதுக்கும் பயப்பிடுவீர்," என்று கணவர் கேலி செய்தார். போனோம்.

உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தது. மர உச்சிகளுக்கு இடையில் மட்டும் வானம் கொஞ்சம் வெளுத்துத் தெரிந்தது. மகள் என் கையை விட்டுவிட்டு நாலடி பின்தங்கி, மரங்களைத் தடவிக்கொண்டே வந்தாள். அப்போது வளைவில் டோர்ச் வெளிச்சங்கள், சப்பாத்துக் கால்களின் சத்தம், ஆண்களின் குரல்கள். எங்களைப்போல நடக்க வந்த சிலர். மாலை வணக்கம் சொல்லிக் கடந்து போனார்கள். திரும்பிப் பார்த்தால் மகளைக் காணவில்லை.

கூப்பிட்டோம். பதில் இல்லை. அந்த மனிதர்களும் ஓடி வந்தார்கள். நாலு பக்கமும் வெளிச்சம் அடித்து, அவள் பெயரைத் தங்கள் வாய்க்கு வந்தபடி கத்தினார்கள். நானும் அழுதழுது கத்தினேன். ஒரு சுள்ளி முறியும் சத்தம்கூட இல்லை. பக்கத்தில் குளம் ஒன்று இருப்பதாக யாரோ சொன்னது காதில் விழுந்ததும் நான் அந்தப் பக்கம் ஓடப் பார்த்தேன்.

கணவர்தான் என் தோளைப் பிடித்தார். "இஞ்சேரும், பிள்ளை துலையேல்லை. ஒளிச்சிருக்கு."

அப்போதுதான் எனக்கும் புரிந்தது. யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரை இராணுவம் சுற்றிவளைக்க வரும்போது என்ன செய்ய வேண்டும் என்று நாங்களே பழக்கியிருந்தோம். டோர்ச்சும் சப்பாத்தும் வந்தால் பாதையை விட்டு விலகிப் படுத்துவிட வேண்டும். யார் கூப்பிட்டாலும், அம்மாவே அழுது கூப்பிட்டாலும், வாய் திறக்கக் கூடாது.

அரைகுறை டேனிஷில் பக்கத்து வீட்டுப் பெண்மணிக்குச் சொன்னேன். அவர் அந்த மனிதர்களுக்குச் சொன்னார். டோர்ச்சுகள் அணைந்தன. குனிந்து சப்பாத்துகளைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வெறும் காலுறையோடு, அந்தக் குளிரில், சத்தமே இல்லாமல் நடந்து போனார்கள்.

கொஞ்ச நேரம் பொறுத்து, வீட்டில் பேசும் குரலில் சொன்னேன்: "பிள்ளை, ஆமி போயிட்டாங்கள். வெளியில வாங்கோ."

பக்கத்திலேயே ஒரு ரெட்வுட் மரத்தின் பின்னாலிருந்து எழுந்து வந்தாள். அழவில்லை. என்மேல் கோபமாக, கிசுகிசுத்தாள்.

"ஏனம்மா கத்தினனீங்கள்? நான் வாயே திறக்கேல்லை. அப்பாவைப் பிடிச்சுக்கொண்டு போயிட்டாங்களோ?"

அவள் அப்பா அவளைத் தூக்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார்.

கார்கள் நின்ற இடத்தில் அந்த மனிதர்கள் எங்களுக்காகக் காத்திருந்தார்கள். அவளைக் கண்டதும் தலையை மட்டும் அசைத்தார்கள். எங்கள் கார் புறப்படும்வரை ஒருவரும் சப்பாத்தைப் போடவில்லை.

நாங்கள் பழக்கியதைப் பிழை என்று சொல்ல மாட்டேன். அங்கே அதுதான் அவளைக் காப்பாற்றியிருக்கும். ஆனால் ஒரு குழந்தை அதை மறக்க வேண்டுமானால் சுற்றியிருப்பவர்கள் எவ்வளவு மெதுவாக நடக்க வேண்டியிருக்கும் என்பதை, நனைந்துபோன அந்தக் காலுறைகளைப் பார்த்தபோதுதான் தெரிந்துகொண்டேன்.