நன்றி சொல்ல ஒரு விசா

"ஹர்ஷன், பட்டன மாத்திப் போட்டிருக்க பாரு. கழட்டிட்டு மறுபடி போடு."

பிலோமினா திரும்பிப் பார்க்காமலே சொல்கிறார். பார்வை சாலையில் இருக்கிறது. பின்னிருக்கையில் நடப்பதையெல்லாம் கண்ணாடி காட்டிக்கொடுத்துவிடும். மலேசியாவில், கிள்ளானை அடுத்த மேருவின் தொழிற்சாலைச் சாலையில், இன்னும் விடியாத இருட்டில், லோரிகளுக்கு நடுவே மஞ்சள் வேன் ஊர்ந்து போகிறது. ஒரு லோரிக்காரன் வழி விடுகிறான். பிலோமினா கையைத் தூக்கி, "தேங்க்ஸ்லா பாஸ்" என்கிறார். அவன் காதில் விழாது என்பது அவருக்கும் தெரியும். அடுத்த முச்சந்தியில் சிவப்பு விளக்கு பச்சைக்கு மாறுகிறது. அதற்கும் ஒரு தேங்க்ஸ்.

வேனில் வரும் பிள்ளைகள் இதைப் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டார்கள். பெட்ரோல் குழாய்க்கு, ஒதுங்கிப் போகும் நாய்க்கு, பெய்யாமல் நின்ற மழைக்கு என்று வேன் ஆன்டி எல்லாவற்றுக்கும் நன்றி சொல்வார். இரண்டாம் ஆண்டில் படிக்கும் தாரா ஒரு நாள் கேட்டே விட்டாள்: "ஆன்டி, லைட்டுக்கு எதுக்கு தேங்க்ஸ்?"

"எனக்கு நேரமாச்சுன்னு அதுக்குத் தெரியுமா? இருந்தும் மாறிச்சுல்ல? சொல்லி வைப்போமே, காசா பணமா."

பிலோமினாவுக்கு வயது அறுபதை எட்டப்போகிறது. குள்ளமான உடம்பு. ஸ்டீயரிங்கை எட்டுவதற்காக இருக்கையில் ஒரு தலையணை போட்டு உட்கார்வார். பிறந்து வளர்ந்தது கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில். கணவர் பேசிலுக்கும் ரயில்வேயில்தான் வேலை. மாரடைப்பில் அவர் போனபோது மகள் பிரெண்டாவுக்குப் பதினேழு வயது, பள்ளியில் ஐந்தாம் படிவத்தில் இருந்தாள். "எனக்கு அப்ப சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. பொழைக்கணும்லா. லைசென்ஸ் எடுத்தேன். மூணு தடவ பெயில். நாலாவது தடவ அந்த ஆபீசரு பாவப்பட்டு பாஸ் போட்டுட்டாருன்னு நெனைக்கிறேன்." இதைச் சொல்லும்போதெல்லாம் அந்த முகம் தெரியாத அதிகாரிக்காக ஒரு சிலுவை போட்டுக்கொள்வார்.

இந்த வேன்தான் பிரெண்டாவைப் படிக்கவைத்து மருத்துவமனைத் தாதியாக்கியது. படித்து முடித்துக் கிள்ளானில் கொஞ்ச காலம் வேலை பார்த்தவள், பிறகு கனடாவின் வின்னிபெக் நகருக்குப் போனாள். அங்கே, ஈப்போவிலிருந்து வந்திருந்த பையன் ஜோனத்தனைச் சந்தித்தாள். கல்யாணம் அங்கேயே முடிவானது.

முதல் விசா விண்ணப்பம் அந்தக் கல்யாணத்துக்காக. வேனில் வரும் ஒரு பிள்ளையின் அப்பா நிர்மலன், பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை செய்பவர். தன் மடிக்கணினியில் அவர்தான் எல்லாவற்றையும் பூர்த்தி செய்து கொடுத்தார். பிலோமினா நீல நிறத்தில் பட்டுப்புடவை எடுத்து, ரவிக்கையும் தைத்து வைத்தார். பதில் மின்னஞ்சலில் வந்தது. தங்கும் காலம் முடிந்ததும் நீங்கள் ஊர் திரும்புவீர்கள் என்ற நம்பிக்கை ஏற்படவில்லை என்றிருந்தது.

"திரும்பி வர மாட்டேனாமா?" பிலோமினாவுக்கு அழுகைக்கு முன்னால் ஆச்சரியம்தான் வந்தது. "நான் வராட்டி இந்தப் பசங்கள யாரு ஏத்துவா?"

நிர்மலன் பொறுமையாக விளக்கினார். கணவர் இல்லை. ஒரே மகள் அங்கே. வீடு வாடகை. வேன் பிள்ளைகளின் பெற்றோர்கள் கையில் கொடுக்கும் பணத்துக்குச் சம்பளச் சீட்டு ஏது? காகிதத்தில் பார்த்தால், இந்த ஊருக்குத் திரும்பி வர ஒரு காரணமும் இல்லாத மனுஷி.

"அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது தம்பி. என் வேனப் பத்தி அவங்களுக்கு என்ன தெரியும்," என்று சொல்லிவிட்டு, மறுநாள் நிர்மலன் வீட்டுக்கு ஒரு சட்டி மீன் குழம்பு கொடுத்தனுப்பினார். விசா கிடைக்காததற்கு மீன் குழம்பா என்று நிர்மலன் கூசிப்போனார். "நீங்க ரெண்டு ராத்திரி கண்ணு முழிச்சீங்களே, அது பொய்யா?" என்று கேட்டார் பிலோமினா. கல்யாணத்தைக் கைபேசியில் பார்த்தார். அந்த நீலப் புடவையைக் கட்டிக்கொண்டுதான் பார்த்தார்.

இரண்டாவது விண்ணப்பம் பிரெண்டா கர்ப்பமானபோது. இந்த முறை வேன் உரிமம், வங்கிக் கணக்கு, தேவாலயப் பங்குச் சாமியாரின் கடிதம் என்று எல்லாம் சேர்ந்து போயின. பதிலில் சொற்கள்கூட மாறவில்லை.

பள்ளி விடும் வரைக்கும் வாசலுக்கு எதிரே அங்சானா மர நிழலில் வேனை நிறுத்திக் காத்திருப்பது பிலோமினாவின் வழக்கம். இங்கே நண்பகல் என்றால் வின்னிபெக்கில் முந்தின நாள் இரவு. பிரெண்டா படுக்கப் போகும் நேரம். தாயும் மகளும் பேசிக்கொள்வது அந்த நிழலில்தான். ஜனவரியில் ஒரு நாள், அழைப்பில் ஜோனத்தனின் முகம் தெரிந்தது. ஏழு மாதம். குழந்தை தங்கவில்லை. பிரெண்டா உயிருக்கு ஒன்றும் இல்லை, ஆனால் பேச மாட்டேன் என்கிறாள்.

அவன் சொல்லி முடிப்பதற்குள் பள்ளி மணி அடித்துவிட்டது. பிள்ளைகள் ஓடி வந்து ஏறினார்கள். பிலோமினா ஒவ்வொருவரையும் அவரவர் வீட்டில் இறக்கினார். கடைசிப் பிள்ளையும் உள்ளே போனதைப் பார்த்த பிறகு, ஒரு தொழிற்சாலைச் சுவரோரம் வேனை நிறுத்தினார். அங்கே காவலுக்கு இருந்த நேப்பாளிப் பையன், என்னவோ ஏதோவென்று தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்தான். அவ்வளவு சத்தமாக அழுதிருக்கிறார்.

அடுத்த சில நாட்கள் மரத்தடியில் கைபேசியைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தார். திரையில் பிரெண்டா சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். அப்படி ஒரு நாள், திரையின் ஓரத்திலிருந்து ஒரு கை நுழைந்தது. பெரிய கை, கோதுமை நிறம், மணிக்கட்டில் இரும்பு வளையல். கரண்டியில் எதையோ எடுத்து பிரெண்டாவின் வாயருகே கொண்டுபோனது. "கா லே, புத்தர்" என்றது ஒரு கனத்த குரல்.

பிலோமினாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "பிரெண்டா, யாரு அது? எதுக்கு புத்தரக் கூப்புடுறாங்க?"

சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த பிரெண்டாவின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தார். சிரித்துக்கொண்டிருந்தாள். "கீழ் வீட்டு ஹர்ஜித் ஆன்டிம்மா. பஞ்சாபில புத்தர்னா பிள்ளன்னு அர்த்தம். சாப்பிடு பிள்ளைன்றாங்க." அத்தனை நாளில் அவள் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது.

ஹர்ஜித் கவுர் மருத்துவமனையில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை பார்ப்பவர். சொந்தமும் இல்லை, மதமும் வேறு, மொழியும் வேறு. வேலை முடிந்து, பனியில் நடந்து வந்து, நேராக மேல் மாடிக்கு ஏறுவார். நெய்யில் வறுத்த கோதுமை மாவும் பருப்பும் செய்து ஊட்டுவார். பிரெண்டா எழுந்து நடமாடுகிற வரை, ஒரு குளிர்காலம் முழுக்க இது நடந்தது. அந்த நாட்களில் பிலோமினா பார்த்ததெல்லாம் அந்தக் கையை மட்டும்தான். ஹர்ஜித் கேமராவுக்குக் கூச்சப்படுகிறவர்.

"நான் செய்ய வேண்டியத அந்தக் கை செஞ்சிச்சு," என்பார் பிலோமினா. "எனக்குப் பொறாம வரலன்னு சொன்னா பொய். வந்துச்சு. ஒரு நாள் முழுக்க வந்துச்சு. அப்புறம் அந்தக் கை இல்லாட்டி என் புள்ள என்னவாயிருப்பான்னு யோசிச்சேன். பொறாமயெல்லாம் போயிருச்சு."

மூன்றாவது விண்ணப்பத்தின்போது, பயணத்தின் நோக்கம் என்ன என்ற கட்டத்துக்கு வந்ததும் நிர்மலன் கேட்டார்: "ஆன்டி, இங்க என்ன போட?"

"தேங்க்ஸ் சொல்லணும்னு போடுங்க தம்பி."

"அப்படியெல்லாம் போட முடியாது ஆன்டி."

"ஏன்? நெசமாவே அதுக்குத்தான் போறேன். எம்புள்ளைக்கு இப்ப நல்லாயிருச்சு. வேலைக்குப் போறா, அடுத்த வருஷம் லீவு சேர்த்துட்டு வரேன்றா. நான் போறது அந்தம்மாவப் பாக்கத்தான். போன்ல சொன்னா அது தேங்க்ஸா?"

நிர்மலன் 'குடும்பத்தைப் பார்க்க' என்று போட்டார். அதுவும் உண்மைதானே என்று பிலோமினா ஒப்புக்கொண்டார். அந்த முறையும் கிடைக்கவில்லை. அன்று மட்டும் அவருக்குக் கோபம் வந்தது. "நான் என்ன அங்க போய் வீடு புடிச்சு உக்காரப் போறேனா? அஞ்சு நிமிஷம் போதும்லா!" என்று அங்சானா மரத்தைப் பார்த்துச் சத்தம் போட்டார். மறுநாள் காலை வழக்கம்போல் விளக்குகளுக்கு நன்றி சொல்லிக்கொண்டு வேன் போனது. ஆனால் குரல் கொஞ்சம் இறங்கியிருந்ததாகத் தாரா தன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள்.

இந்த ஆண்டு ஹர்ஜித், அண்ணன் மகன் கல்யாணத்துக்காக அமிர்தசரஸுக்குப் போனார். அங்கிருந்து கோலாலம்பூருக்கு நேர் விமானம் இருப்பது அவருக்கு யார் மூலமோ தெரிந்தது. அவருடைய கடப்பிதழ் கனடாவுடையது. அதற்கு இங்கே விசா வேண்டாம். "உங்க அம்மாவை விடமாட்டேங்கிறாங்க, என்னை யாரும் தடுக்கலையே," என்று பிரெண்டாவிடம் சொல்லிவிட்டு, இரண்டு நாளுக்குச் சீட்டு எடுத்துவிட்டார்.

சேதி கேட்டதிலிருந்து பிலோமினாவுக்குக் கை கால் ஓடவில்லை. ஹர்ஜித் சைவம். மீன் வாசம் வரக்கூடாது என்று சட்டி, கரண்டி, தட்டு எல்லாம் கிள்ளான் கடைத்தெருவில் புதிதாக வாங்கினார். சொல்ல வேண்டியதை ஆங்கிலத்தில் நிர்மலனிடம் கேட்டு, வேன் ஓட்டும்போது வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். பிள்ளைகளுக்கே அது மனப்பாடம் ஆகிவிட்டது.

காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டதும் வேன் நேராக விமான நிலையத்துக்குப் போனது. அமிர்தசரஸ் விமானத்தில் வந்தவர்களில் பாதிப் பேர் சல்வாரும் துப்பட்டாவும் போட்ட, உயரமான பெண்கள். பிரெண்டா அனுப்பிய படத்தையும் முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் பிடிபடவில்லை. சரி, கையைப் பார்ப்போம் என்றால் எல்லார் கையிலும் இரும்பு வளையல். "மாதாவே, இதுல எது அந்தக் கை?"

அந்தக் கை பின்னாலிருந்து அவர் தோளைத் தொட்டது.

"பிரெண்டா மம்மி? அதே நெற்றி," என்றார் ஹர்ஜித் ஆங்கிலத்தில்.

பல நாள் சொல்லிப் பார்த்த வாக்கியம் பிலோமினாவுக்கு வரவில்லை. லோரிக்காரனுக்கும் பெட்ரோல் குழாய்க்கும் சொன்ன அந்த ஒரு வார்த்தைகூட வாய்க்கு வரவில்லை. ஹர்ஜித் அந்த வார்த்தைக்காகக் காத்திருக்கவும் இல்லை. பிலோமினாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, ஒரு தாய்க்கு எது வேண்டுமோ அதைச் சொன்னார். "நல்லா இருக்கா. வின்னிபெக்ல கிளம்பறதுக்கு முந்தின நாள் போய்ப் பார்த்தேன். ரெண்டு ரொட்டி சாப்பிட்டா. என்னோட சண்டைகூடப் போட்டா."

அந்தச் சண்டை எதற்காக என்று கேட்டு, காரணம் தெரிந்து, விமான நிலையம் என்றும் பாராமல் இரண்டு பேரும் சிரித்து அழுதார்கள். பிரெண்டா உப்பு அதிகமாகப் போடுகிறாளாம். "எங்க மாமியார் கைப்பக்குவம்லா அது. பேசில் வீட்டு உப்பு," என்று தமிழிலேயே சொல்லிவிட்டார் பிலோமினா. ஹர்ஜித்துக்கு அது புரிந்த மாதிரிதான் இருந்தது.

வீட்டுக்கு வந்து பருப்பும் கத்திரிக்காய்ப் பிரட்டலும் சோறும் சாப்பிட்டார்கள். ராத்திரி முழுக்க விமானத்தில் வந்தவர், படுங்கள் என்றால் ஹர்ஜித் கேட்கவில்லை. வேனைப் பற்றி பிரெண்டா நிறையச் சொல்லியிருக்கிறாள், நானும் வருவேன் என்று முன்னிருக்கையில் ஏறிக்கொண்டார். பள்ளி விட்டது. ஏறிய பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள்.

"ஆன்டி, இவங்க யாரு?"

"நம்ம வீட்டு ஆளுலா," என்றார் பிலோமினா.

முதல் வளைவு தாண்டுவதற்குள், நம்ம வீட்டு ஆள் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிப்போனார். வாய் லேசாகத் திறந்திருந்தது. கைகள் மடியில் கிடந்தன. பிலோமினா கண்ணாடியில் பிள்ளைகளைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார். வேனுக்குள் சத்தம் அப்படியே அடங்கியது.

வழக்கமாக ஒவ்வொரு வீட்டின் முன்னும் இரண்டு தடவை ஹார்ன் அடித்து, பிள்ளையை இறக்கிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். அன்று ஒரு வீட்டில்கூட ஹார்ன் கேட்கவில்லை. உள்ளே குளிரட்டும் என்று ஏர்கானை ஓடவிட்டு, கொளுத்தும் வெயிலில் தானே இறங்கி, ஒவ்வொரு பிள்ளையையும் கைப்பிடித்து வாசல்வரை கூட்டிப்போய், கம்பிக் கதவை விரலால் தட்டி, தாய்மார்கள் வரும்வரை நின்றார். தாரா நுனிக்காலில் இறங்கினாள். அவளை விட்டுவிட்டு வந்து, வேனின் சறுக்குக் கதவை இரண்டு கைகளாலும் பிடித்து, சத்தம் எழாமல், கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி மூடினார் பிலோமினா.