பளபளப்பாக்கிய இரண்டு குச்சிகள்

பிப்ரவரி 4. மருந்துக் கம்பெனி தந்த முதல் தவணை: 3,00,000.
பிப்ரவரி 20. கரைப்பான், ஐந்து லிட்டர்: 4,150.
ஜூன் 11. மணல்தாள், ஒன்று: 12.
ஜூன் 30. இரண்டாம் தவணை: வரவில்லை.

ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் ‘கரண்ட் அக்கா’. வயது நாற்பத்தாறு. பதினோரு ஆண்டுகளாக ஒப்பந்த வேலை. ஒவ்வோர் ஆண்டும் நீட்டிப்பு வரும்வரை நாட்களை எண்ணிக்கொண்டிருப்பாள். இந்த முறை பேராசிரியர், “கம்பெனிக்காரங்க கண் முன்னாடி ஒருதடவ இது நடந்துட்டா போதும்மா. உன் வேலைய நிரந்தரமாக்கிடலாம்” என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

இது என்று அவர் சொன்னது, ஒரு மருந்தின் நடுத்துண்டைச் செய்யும் வினையை. வழக்கமாக அதற்கு வெள்ளீயம் சேர்ந்த நச்சுப் பொருள் வேண்டும். அவள் அதைத் தள்ளிவிட்டு மின்சாரத்தைப் பிடித்தாள். குடுவைக்குள் இரண்டு கிராஃபைட் குச்சிகள். மின்சாரம் ஓடியதும் அமில மூலக்கூறு ஓர் எலக்ட்ரானை இழந்து, கார்பன் டை ஆக்சைடை உதறிவிட்டு, ஜோடியில்லாத எலக்ட்ரானோடு நிற்கும். ராடிக்கல் என்பார்கள். கண்மூடித் திறப்பதற்குள் அது எதையாவது பிடித்துக்கொள்ளும். தப்பானதைப் பிடித்தால் மிஞ்சுவது தார்தான். அவள் குடுவையில் அது சரியானதைப் பிடித்தது. நூற்றுக்கு எழுபது பங்கு சரக்கு வந்தது. ஆறு தடவை செய்தாள், ஆறு தடவையும் வந்தது.

“உன் ராடிக்கல் என்ன மாதிரிதான். ஒண்டிக்கட்டையா நிக்க முடியாம, கண்ணுல பட்டவளக் கட்டிக்கிச்சு” என்று சிரித்தான் கணவன். பள்ளி வேன் ஓட்டுகிறவன்.

“அது சரியாத்தாங்க பிடிச்சுது. இங்க பிடிச்சவருக்குத்தான் அதிர்ஷ்டம், மாட்டினவளுக்கு இல்ல.”

கம்பெனிக்காரர்கள் வருகிற அன்று காலை குச்சிகளைப் பார்த்தாள். சாம்பல் நிறத்தில் ஏதோ படிந்து அசிங்கமாக இருந்தன. விருந்தாளி வந்தால் டம்ளரைக்கூட இரண்டு தடவை கழுவுகிறவள் அவள். மணல்தாள் வாங்கிவரச் சொல்லி, குச்சிகளைப் பளபளவென்று தேய்த்துக் கழுவி மாட்டினாள்.

மாலையில் அளந்தபோது நூற்றுக்கு நான்கு. மீதியெல்லாம் தார். வந்தவர்கள் மரியாதையாகத்தான் எழுந்து போனார்கள்.

புதுக் குச்சிகள் போட்டாள். அதே நான்கு. ஒரு வாரம் கழித்துத்தான் அவளுக்கு உறைத்தது. அந்தப் பழைய குச்சிகள், முன்பு அங்கே படித்த மாணவன் மேசை இழுப்பறையில் விட்டுப் போனவை. அவள் தேய்த்தெடுத்தது அழுக்கல்ல, அவன் செய்த சோதனைகளில் படிந்த ஏதோ ஓர் உலோகத்தின் படலம். வேலை செய்தது அதுதான். அவனுக்குப் போன் போட்டாள்.

“தம்பி, அந்தக் குச்சில என்ன உலோகம் போட்டுச் சோதனை ஓட்டினே?”

“எதச் சொல்றது அக்கா? நிக்கல், கோபால்ட், அப்புறம் கைக்குக் கிடைச்சதெல்லாம்.”

“எழுதி வெச்சிருக்கியா?”

“ஃபெயிலானத யாருக்கா எழுதுவாங்க?”

தேய்த்த தாளிலாவது கொஞ்சம் ஒட்டியிருக்கும் என்று துப்புரவுக்கார அம்மாவிடம் ஓடினாள். “அது குப்ப வண்டில போயே சேந்துடுச்சும்மா. தங்கமா அது?” என்றார் அவர்.

நிக்கல் பூசினாள், ஒன்பது வந்தது. கோபால்ட் பூசினாள், ஆறு. இரண்டையும் கலந்தாள், வெறும் தார்.

“ஒரு குச்சியையாவது தேய்க்காம விட்டிருக்கலாமேம்மா” என்றார் பேராசிரியர்.

“விட்டிருக்கலாம் சார்.”

வீட்டில் கணவன் அவள் தட்டைப் பார்த்தான். சோறு அப்படியே இருந்தது. “வேன்ல பிள்ளைங்கள ஏத்தி இறக்க ஒரு ஆள் வேணும்னாங்க” என்று விளையாட்டாகச் சொன்னான்.

“சம்பளம் எவ்வளவாம்?” என்று கேட்டாள். அவள் விளையாடவில்லை என்று தெரிந்ததும் அவன் எழுந்து கை கழுவப் போனான்.

இருந்த கரைப்பான் தீரும்வரை பூசிப் பூசிப் பார்த்தாள். கடைசியாக இரும்பு. அதிலும் நான்குதான். குடுவையைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது அலுவலக உதவியாளர் ஓர் உறையை மேசையில் வைத்து, கையெழுத்து வாங்கிப் போனார். ஒப்பந்தம் நீட்டிக்கப்படாது என்ற கடிதம். வந்தது ஆகஸ்ட் 9.