இருநூற்றுப் பன்னிரண்டாம் எண் வில்லை

பதிவேட்டில் இருநூற்றுப் பன்னிரண்டாம் எண்ணைக் குறுக்கே கோடிட்டு அடித்தவன் நான்தான். அது என் வீட்டு எண். அடிக்கும்போது அது எனக்குத் தெரியாது.

எழுபதுகளின் தொடக்கத்தில், மெட்ராஸிலிருந்து கப்பலில் வர வேண்டிய ஒரு தீவில், ஹேடோ துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சிறிய மருந்தகத்தில் பதிவு எழுத்தராக வேலை பார்த்தேன். வீடு மின்னி பே என்ற கரையோரக் குடியிருப்பில். தீவின் ஈரத்தில் காகிதச் சீட்டு ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. அதனால் குடும்பத்துக்கு ஒரு தகர வில்லை கொடுத்து, அதில் எண்ணைக் கொத்தியிருப்போம். முன்னறையில் என் மேசைமேல் இருந்த பெரிய பதிவேட்டில் எண்ணும், எதிர்ப்பக்கத்தில் பெயர்களும். உள்ளே ஊசி போடும் அறையின் இழுப்பறைகளில் ஆளுக்கு ஓர் அட்டை. அட்டையில் பெயர் கிடையாது. 212/3 என்று இருந்தால், இருநூற்றுப் பன்னிரண்டாம் குடும்பத்தில் மூன்றாவது ஆள். பெயர் வெளியே, நோய் உள்ளே. இரண்டையும் சேர்த்துப் பிடித்திருந்தது அந்த எண் மட்டும்தான்.

என் மகளுக்கு நான்கு வயதில் பென்சிலின் ஊசி போட்டார்கள். சிறிது நேரத்தில் முகம் வீங்கி, உதடு நீலமாகி, மூச்சு நின்று நின்று வந்தது. பிழைத்துக்கொண்டாள். அன்றைக்கே அவளுடைய அட்டையின் மூலையில் சிவப்பு மையால் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டேன். அதே ஆண்டில் வேறொரு குழந்தைக்கும் இப்படி ஆனது. அந்த அட்டையிலும் நான்தான் சிவப்புக் குறி போட்டேன். யாருடைய குழந்தை என்று நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. அட்டையில் இருக்கிறதே, பிறகென்ன என்றிருந்துவிட்டேன்.

பதிவேடு ஒரே நாளில் கெட்டுப்போகவில்லை. கப்பலுக்குக் கப்பல் ஆட்கள் வந்தார்கள். எனக்கு முன்பு இருந்தவர் ஒரு முறையில் எழுதினார், லீவுக்கு மாற்றாக வந்தவர் இன்னொரு முறையில் எழுதினார். அக்கரைக்கு, மெயின்லேண்டுக்கே திரும்பிப் போனவர்களின் அட்டைகள் அப்படியே கிடந்தன. மரம் ஊறி இழுப்பறைகள் திறக்க மறுத்தன. அறுநூறு எண்களோடு இடம் முடிந்தது. ஓர் அட்டையைத் தேட அரை மணி நேரம் ஆக, வாசலில் வரிசை ரோடு வரைக்கும் நின்றது.

மெயின்லேண்டிலிருந்து வந்த அதிகாரி ஒருவர் இழுப்பறையை இழுத்துப் பார்த்துவிட்டுக் கைக்குட்டையால் விரலைத் துடைத்தார். "மெட்ராஸ்ல இதுக்கெல்லாம் கம்ப்யூட்டர் வந்தாச்சு. இங்கே நீங்க கரப்பான் வளர்க்கிறீங்க" என்றார். போனவர்களின் எண்ணை எடுத்துப் புதியவர்களுக்குக் கொடுங்கள் என்பது அவர் உத்தரவு. எனக்கும் அது சரியாகவே பட்டது.

போனவர்கள் யார் என்று கண்டுபிடிப்பது சுலபம் என்று நினைத்தோம். கப்பல் ஏறுமுன் அம்மை ஊசிச் சான்று காட்ட வேண்டும், அதில் வில்லை எண் இருக்கும். ஆகவே போனவர் பட்டியல் எண்ணோடு கிடைத்தது. ஆனால் திரும்பி வரும்போது நம் ஆட்கள் தனித்தனியாக வருவதில்லை. மெட்ராஸில் டிக்கெட் வரிசையில் யாராவது ஒருவர் நின்று, சொந்தக்காரர், பக்கத்து வீட்டுக்காரர் எல்லோருக்கும் சேர்த்து வாங்கிவிடுவார். வந்தவர் பட்டியலில் அவர் பெயரும் 'மற்றும் ஐவர்' என்பதும்தான் இருக்கும். அந்த ஐவருக்கு எண் இல்லை. பதிவேட்டைப் பொறுத்தவரை அவர்கள் திரும்பவே இல்லை.

என் மனைவி இரண்டாவது பிரசவத்துக்கு மகளோடு தூத்துக்குடிப் பக்கம் தாய்வீட்டுக்குப் போய், ஒரு வருடம் கழித்து மைத்துனர் பெயரில் 'மற்றும் ஐவர்' ஆகத்தான் திரும்பி வந்தாள். பணியாளர்களுக்குத் தனி ஏடு இருந்ததால் குடும்ப எண் அவள் பெயரில் இருந்தது; இரண்டாம் இடம் எனக்கென்று வெறுமனே விடப்பட்டிருந்தது. வில்லை அடுப்படியில் ஆணியில் தொங்கும். அதில் என்ன எண் என்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை; குறி போட்ட அன்று மகளின் அட்டையிலும் எண் மனதில் நிற்கவில்லை.

கம்பவுண்டர் வங்காளக் குடியேறிக் குடும்பத்துப் பிள்ளை, என் வயதுதான். அவர் பட்டியலைப் பார்த்து இந்தியில் எண்ணைச் சொல்வார், நான் அடிப்பேன். கை வியர்வை பட்டு மை கலையாமல் இருக்க, எதிர்ப்பக்கத்தில் பெயர்கள்மேல் மை ஒற்றும் தாளை விரித்து வைத்திருந்தேன்.

"தோ சௌ பாரா." இருநூற்றுப் பன்னிரண்டு.

"அடிச்சாச்சு."

"சபாஷ் பாபு, கசாப்புக் கடை மாதிரி ஓடுது" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

முப்பத்தெட்டு எண்கள். அவற்றின் அட்டைகளை மறுநாள் கொல்லையில் போட்டு எரித்தோம். புது வில்லைகள் செய்து, அதே எண்களைப் புதிதாக வந்த குடும்பங்களுக்குக் கொடுத்தோம். வரிசை குறைந்தது. அதிகாரி கடிதம் எழுதிப் பாராட்டினார்.

இரண்டு மாதம் கழித்து, மருந்துப் பெட்டி இறக்குவதற்காக நான் துறைமுகத்தில் நின்ற ஒரு காலையில், ஏழு வயதாகியிருந்த மகளுக்குத் தொண்டை வீங்கிக் காய்ச்சல் அடித்தது. மனைவி வில்லையை எடுத்துக்கொண்டு மருந்தகத்துக்குப் போனாள். நர்ஸ் எண்ணைப் பார்த்து 212/3 அட்டையை எடுத்தார். அது அபர்தீன் பஜாரில் புதிதாகக் கடை போட்ட ஒரு தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பெண்பிள்ளையின் அட்டை. அவளுக்கும் ஏழு வயது, அவளுக்கும் தொண்டை. 'பென்சிலின், மூன்றாம் நாள்' என்று எழுதியிருந்தது. நர்ஸ் ஊசியில் மருந்தை ஏற்றி, என் மகளின் கையைத் துடைத்தார்.

மனைவிக்கு அந்த அட்டையின் ஆங்கிலம் படிக்கத் தெரியாது. ஆனால் சிவப்புக் குறியைத் தெரியும். அது அந்த அட்டையில் இல்லை.

"சிஸ்டர், நில்லுங்க. இது எம்புள்ள அட்டை இல்ல."

"நம்பர் டீக் ஹே, சரியாத்தான் இருக்கு. தள்ளி நில்லும்மா."

"செவப்புக் குறி எங்க? அவுக போட்ட குறி எங்க?"

"கிளார்க் பொண்டாட்டின்னா டாக்டரா? வெளிய வரிசை நிக்குது, கைய விடு."

மனைவி விடவில்லை. ஊசி பிடித்த மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கத்தியிருக்கிறாள். நான் திரும்பி வந்தபோது ஊசி தரையில் உடைந்து கிடந்தது. மகள் பெஞ்சில் உட்கார்ந்து, பஞ்சால் துடைத்த இடத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, நம்ம நம்பர யாருக்குக் குடுத்தீக?" என்று மனைவி கேட்டாள்.

மை ஒற்றும் தாளை விலக்கிப் பார்த்தேன். என் கோடு அளவுகோல் வைத்தது போல நேராக இருந்தது. அதற்கு எதிரே அவள் பெயர்.

உடனே பேனாவை எடுத்தேன். கோட்டைச் சுரண்டி அழித்து, எண்ணை மாற்றி எழுதிவிட்டால் போதும் என்று தோன்றியது. கம்பவுண்டர் என் கையைப் பிடித்தார். "பாபு, பேனா கீழ வை. இப்ப பயத்துல தொட்டா இன்னும் கெட்டுப் போகும். முதல்ல எல்லாத்தையும் காப்பி எடுக்கணும்." அவர் முகமும் வெளிறியிருந்தது.

பதிவேடு முழுவதையும், தப்புகளோடு, அப்படியே புது நோட்டில் பார்த்து எழுதினோம். அதற்கு நான்கு நாட்கள் ஆயின. அதுவரை வில்லையை நம்பி யாருக்கும் ஊசி போடக் கூடாது, பெயரையும் வயதையும் வாயால் கேட்க வேண்டும் என்று வாசலில் எழுதி வைத்தோம். பிறகுதான் திருத்தினோம். அடித்த எண்கள் பழையவர்களுக்கே திரும்பின. புதியவர்களுக்கு அறுநூற்று ஒன்றிலிருந்து புது எண். போனவர்களின் எண் காலியாகவே கிடக்கட்டும், இன்னொருவருக்குப் போகக் கூடாது. ஒரு தடவையில் ஒரே ஒரு வரி, அதையும் வீட்டுக்குப் போய் ஆளைக் கண்ணால் பார்த்த பிறகு.

இவ்வளவும் செய்ய முடிந்தது. எரித்த அட்டைகளைத் திரும்பக் கொண்டுவர முடியவில்லை. அந்த இன்னொரு சிவப்புக் குறி இழுப்பறைகளில் எங்கும் இல்லை. என் மகளுடையதோடு அதுவும் எரிந்திருந்தது. முப்பத்தெட்டில் எந்த வீட்டுக் குழந்தை?

வீடு வீடாகப் போனேன். பாதிப் பேர் உண்மையிலேயே மெயின்லேண்டுக்குப் போய்விட்டிருந்தார்கள், அவர்களுக்குக் கடிதம் போட்டேன். தீவில் இருந்தவர்களிடம் ஊசி போட்டுப் பிள்ளைக்கு மூச்சு முட்டியதா என்று கேட்டேன். இல்லை, இல்லை என்றே பதில் வந்தது. மின்னி பேயில் மகள் தூங்கும்போது மூக்கின் கீழே விரல் வைத்துப் பார்க்கும் பழக்கம் அப்போதுதான் எனக்கு வந்தது. அந்த இன்னொரு பிள்ளைக்கு யார் விரல் வைத்துப் பார்ப்பார்கள் என்று நினைப்பேன்.

கடைசியில் ஒரு வீடு மிஞ்சியது. மீன்பிடிக்கும் குடும்பம், தூரத்துத் தீவில் உள்ள ஹட் பேக்குப் போய்விட்டார்கள் என்றார்கள். அங்கே ஊசி போடுமுன் வயர்லெஸ்ஸில் எண்ணைச் சொல்லி எங்களைத்தான் கேட்பார்கள். அட்டையில் ஒன்றுமில்லை என்று நாங்கள் சொன்னால் போட்டுவிடுவார்கள்.

அடுத்த கப்பலில் போனேன். கடல் மோசமாக இருந்தது, வழியெல்லாம் வாந்தி. அந்த அம்மா வாசலில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் என் மகள் வயதில் ஒரு சிறுமி காக்கை விரட்டிக்கொண்டிருந்தாள். கழுத்தில் கயிற்றில் வில்லை தொங்கியது.

"யாரு, டிஸ்பென்சரி கிளார்க் அண்ணாச்சியா? கப்பல்ல வந்து நம்பர் வாங்குற அளவுக்கு நாங்க பெரிய ஆளாயிட்டமா?" என்று சிரித்தார்.

எல்லா வீட்டிலும் கேட்டதையே கேட்டேன்.

"ஆமா, இவளுக்குத்தான். நீங்கதான அண்ணாச்சி செவப்பு மையால போட்டீக? மறந்துபோச்சா?"

"இங்கே வந்தப்புறம் ஊசி ஏதும் போட்டாங்களா?"

"காய்ச்சலே வரல. வந்தா என்ன, அதான் அட்டையில இருக்கே."

முற்றத்தில் நின்றபடி நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிப்பு போய்விட்டது. மகளை இழுத்துத் தன் முழங்காலுக்குள் வைத்துக்கொண்டார்.

"எரிச்சிட்டீகளா?"

"ஆமாம்."

"நீங்க ரெண்டு பிள்ளைக்குத் தகப்பன்தான அண்ணாச்சி?"

புது அட்டையை எடுத்து, சிவப்புக் குறி போட்டு, மேலே பெயரையும் பெரிதாக எழுதினேன். இப்போதெல்லாம் எந்த அட்டையும் பெயர் இல்லாமல் போவதில்லை. அந்த அம்மா அட்டையைப் பார்த்தார், வாங்கவில்லை. சிறுமியின் கழுத்திலிருந்து வில்லையைக் கழற்றி, வலை தைக்கும் இடத்திலிருந்து ஓர் ஆணியை எடுத்து, இரண்டையும் என் கையில் வைத்தார்.

"இதுலயும் போடுங்க. அது இவ கழுத்துல கெடக்கும்."

படியில் வில்லையை வைத்து, எண்ணுக்குப் பின்புறத்தில் பெருக்கல் குறி கீறினேன். கோடு கோணலாக வந்தது. அவர் குனிந்து பார்த்தார்.

"இன்னும் ஆழமாக் கீறுங்க அண்ணாச்சி" என்றார். "உப்புக்காத்து அரிச்சிரும்."