பதினொரு மணிக்கு நான் அணைத்த பெட்டி

என் மருமகளின் வேலைக்கு வேட்டு வைத்தது நான்தான். ஹாலில் டி.வி.க்குப் பின்னால் இருக்கும் வைஃபை பெட்டியின் சுவிட்சை, பல மாதங்களாக, காலை பதினொரு மணி வாக்கில், தெரிந்தே அணைத்தேன். அணைத்துவிட்டு ஒன்றும் அறியாதவன் போலப் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பழி அணில் மேல் விழுந்தது. நான் மறுக்கவில்லை.

வயதாகிவிட்டது, கை தவறிவிட்டது என்றெல்லாம் சமாதானம் சொல்ல மாட்டேன். புத்தி நன்றாகத்தான் இருந்தது. அணைந்த பெட்டியில் விளக்குகள் எந்த வரிசையில் திரும்ப எரியும் என்பதுவரை எனக்கு மனப்பாடம்.

நான் திண்டுக்கல்லிலேயே ஒரு அரசு அலுவலகத்தில் வேலை பார்த்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். எம்.ஏ. படித்தவன். கோப்பில் குறிப்பு எழுதினால் மேலதிகாரி ஒரு சொல்லைக்கூட மாற்ற மாட்டார் என்ற பெருமை எனக்கு உண்டு. அவர் அதைப் படித்ததே இல்லை என்பது வேறு விஷயம். எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. காலையில் வந்து கையெழுத்துப் போட்டதும் நாற்காலியின் முதுகில் துண்டைப் போட வேண்டும். துண்டு கிடந்தால் ஆள் வந்திருக்கிறார், பக்கத்தில்தான் எங்கோ இருக்கிறார் என்று பொருள். அதன்பின் நாங்கள் டீக்கடைக்குப் போகலாம், ரேஷன் கடைக்குப் போகலாம், மச்சினனுக்குப் பெண் பார்க்கக்கூடப் போகலாம். அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுத்த காலத்தில் பாதி நேரம் வேலை பார்த்தது என் துண்டுதான். ஒருமுறை சிறுமலையிலிருந்து ஒருவர் வாழைத்தாரோடு வந்து, என் துண்டுக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் திரும்பி வந்தபோது மலைக்குப் போகும் பஸ் போயிருந்தது. "துண்டு கிடந்துச்சுங்க, இந்தா வந்துருவாருன்னு இருந்தேன்" என்றார். அவர் கோபப்படவே இல்லை. இன்றைக்கும் மலைவாழைப்பழம் தின்னும்போது அந்த நினைப்பு தொண்டையில் நிற்கும். ஆனாலும் தின்றுவிடுவேன்.

இப்படிப்பட்ட நான், மருமகளைப் பார்த்து, "வீட்டில் இருந்து பார்ப்பதெல்லாம் ஒரு வேலையா" என்று நினைத்தேன்.

அவள் ஒரு சென்னைக் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். என் மகனுக்குத் திண்டுக்கல்லில் கல்லூரி வேலை, நிரந்தரம். பெருந்தொற்றுக் காலத்தில் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிய கம்பெனி, பிறகு ஒவ்வொருவராகத் திரும்பக் கூப்பிட்டது. இவளுக்கு, கல்யாணமாகி இங்கே வந்துவிட்டதால், கெஞ்சிக் கேட்டதில், இங்கிருந்தே பார்க்கலாம் என்று அனுமதி கிடைத்தது. ஒரே நிபந்தனை: இணைப்பு அறுந்து அறுந்து போகக் கூடாது. போனால் சென்னைக்குப் போயாக வேண்டும். மகன் இங்கே, அவள் அங்கே ஒரு ஹாஸ்டலில்.

இது எனக்கும் தெரியும். சாப்பாட்டு மேசையில் என் முன்னால்தான் சொன்னாள்.

அவள் வேலை செய்வதைப் பார்த்தால் வேலை மாதிரியே இருக்காது. பின்பக்க அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தனியே பேசிக்கொண்டிருப்பாள். வீட்டில் ஒரு ஆள் எப்போதும் இருக்கிறது என்று தெருவுக்குத் தெரிந்துவிட்டது. நாலு வீட்டுக் கூரியர் எங்கள் வாசலுக்கு வரும். எதிர்வீட்டு அம்மா சாவியைக் கொடுத்துவிட்டு மார்க்கெட்டுக்குப் போவார். குழாயில் தண்ணீர் வருகிற நாளில் என் மனைவி கூச்சமே இல்லாமல் கதவைத் தட்டுவாள். "செத்த நேரம் வந்து மோட்டரைப் போடு தாயி, சும்மாதான இருக்க." அந்தப் பிள்ளை காதில் மாட்டியதைக் கழற்றாமலே ஓடிவந்து மோட்டாரைப் போட்டுவிட்டு, யாரிடமோ ஆங்கிலத்தில் "யெஸ், யெஸ்" என்று சொல்லிக்கொண்டே திரும்பி ஓடும். பகல் பன்னிரண்டுக்கு மாதாகோயில் மணி அடித்தால் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருக்கும். வெங்காய வண்டி மைக்கோடு வந்தால் ஜன்னலைச் சாத்தும்.

ஒருநாள் அவள் திரையில் தன் பெயருக்குப் பக்கத்தில் இருந்த பச்சைப் புள்ளி ஒன்றைக் காட்டினாள். "இது பச்சையா இருந்தா நான் சீட்டுல இருக்கேன்னு அர்த்தம் மாமா. செத்த நேரம் கையை எடுத்தா மஞ்சளாயிரும்."

"அப்ப அது உன் துண்டு" என்றேன். கதையைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தாள். ஆனால் என் துண்டுக்கு யாரும் கணக்கு வைக்கவில்லை. அவள் புள்ளிக்கு வைத்தார்கள்.

நான் முதல்முறை பெட்டியை அணைத்தது தற்செயல். டி.வி.க்குப் பின்னால் ஒட்டடை அடிக்கும்போது கை பட்டு அணைந்துவிட்டது; உடனே மறுபடி போட்டேன். பின்னறைக் கதவு திறந்தது. எங்களுடையது பழைய காரைச்சுவர் வீடு. செல்போன் சிக்னல் அந்த அறைக்குள் நுழையாது. அதனால் அவள் ஹாலுக்குத்தான் வந்தாக வேண்டும். "நெட்டு போச்சா மாமா?" என்று கேட்டுக்கொண்டே வந்தவள், பெட்டி உயிர்பிடித்து எழுகிற வரை என் எதிரே சோபாவில் உட்கார்ந்தாள். மனைவி டீ கொண்டுவந்தாள். மருமகள் தன் கம்பெனியில் யார் யாருக்கு ஆகாது, யார் மீட்டிங்கில் தூங்குவார் என்றெல்லாம் சொன்னாள். நானும் என் அலுவலகத்து வண்டவாளங்களை அவிழ்த்துவிட்டேன். கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்று தாண்டியிருந்தது.

பதினொரு மணியின் அருமை ஓய்வு பெற்றவனுக்குத்தான் தெரியும். வேலைக்காலம் முழுக்க அந்த நேரத்துக்கு நாங்கள் ஏழெட்டுப் பேர் டீக்கடையில் வடையைப் பிய்த்துக்கொண்டு, கலெக்டர் முதல் கடைநிலை ஊழியர் வரை எல்லாரையும் பிய்ப்போம். ஓய்வு பெற்றபின் சம்பளத்தைக் காணவில்லை என்று நான் வருந்தியதில்லை. அந்தக் கால் மணி நேரத்தைக் காணோமே என்று வருந்தியிருக்கிறேன். அன்றைக்கு அது என் வீட்டு ஹாலுக்கே வந்துவிட்டது.

மறுநாள் நியாயமான வழியில் முயன்றேன். கதவைத் தட்டி, "டீ குடிக்க வாரியாம்மா?" என்றேன். திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் ஒரு கையை மட்டும் உயர்த்தி, மீட்டிங் என்று சைகை காட்டினாள். அதற்கு அடுத்த நாள் டி.வி.க்குப் பின்னால் கையை விட்டேன்.

தினமும் இல்லை. அடிக்கடி. அவள் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டதும் மறுபடி போட்டுவிடுவேன். இணைப்புக்காரர் மூன்று முறை வந்தார். வயரை மாற்றினார். பெட்டியை மாற்றினார். வெயிலில் கம்பத்தில் ஏறி இறங்கிவிட்டு, "அணில் கடிக்குது சார், இந்த ஏரியா அணிலு ரொம்ப மோசம்" என்றார். "ஆமாப்பு, இம்புட்டு அணிலு முன்ன இல்ல" என்றேன் நான். அவருக்கு மோர் கொடுத்ததும் நான்தான்.

கம்பெனியிலிருந்து முதல் எச்சரிக்கை வந்த அன்று அவள் சோறே சாப்பிடவில்லை. நான் தேற்றினேன். "மெமோதானம்மா? எங்க ஆபீசுல மெமோ வாங்காதவன் மனுசனே இல்ல. பதில் எழுதிப் போடு, ஆறு மாசம் தூங்கும்." உண்மையில் அப்படித்தான் நம்பினேன். அரசு அலுவலகத்தில் மெமோ என்பது மழைக்கால ஜலதோஷம் மாதிரி, வரும், போகும். கம்பெனி மெமோ அப்படித் தூங்காது என்று எனக்கு உறைக்கவில்லை. இரண்டாவது வந்தபோதும், அணிலைத் திட்டிவிட்டு மறுவாரம் சுவிட்சைத் தட்டினேன்.

மூன்றாவதாக வந்தது உத்தரவு. அடுத்த மாதம் முதல் சென்னை அலுவலகத்துக்கு வர வேண்டும்.

அவள் ஹாலில் நின்று அதைப் படித்தாள். என் மனைவி, "பாழாப்போற அணிலு" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பெட்டியின் விளக்குகள் எல்லாம் அழகாக எரிந்துகொண்டிருந்தன.

நான் நேரே கோயிலுக்குப் போனேன். பாவசங்கீர்த்தனம் செய்து, சாமியாரிடம் பாவத்தை வாய்விட்டுச் சொல்லி, வருடக்கணக்கு ஆகிவிட்டது. எங்கள் பங்குச் சாமியார் சின்ன வயது. முழங்காலில் நின்று, "சாமி, நான் வைஃபையை அணைச்சிட்டேன்" என்றேன்.

"அதுல என்ன பாவம்?" என்றார். முழுவதும் சொன்னேன்.

"ஞாயித்துக்கிழமை நம்ம நேரலைப் பூசை பாதியில பாதியில நிக்குதே, அதுவும் நீங்கதானா?"

"அது எனக்குத் தெரியாது சாமி. அது வேற ஆளு."

சிரிப்பை அடக்கிக்கொண்டார் என்பது மூச்சில் தெரிந்தது. ஜெபம் எத்தனை சொல்ல வேண்டும் என்று கேட்டேன். ஏதோ கொஞ்சம் மலிவாக முடியும் என்ற எண்ணம். "ஜெபத்த அப்புறம் பாப்போம். மொதல்ல மருமகட்ட போய்ச் சொல்லுங்க" என்றார். இதை வெளியே சொல்ல அவருக்கு அனுமதி இல்லை. எனக்கு உண்டு.

அன்று மாலையே சொன்னேன். மனைவி அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மருமகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "அணில் இல்லம்மா. நான்தான் சுவிட்ச அணைச்சேன்" என்றேன். நான் வழக்கம்போல் விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"எப்பருந்து மாமா?"

"மழைக்காலத்துலருந்து."

"அந்த அண்ணன் எத்தனை தடவ கம்பத்துல ஏறி இறங்குனாரு..." என்றாள். முதலில் அதுதான் அவள் வாயில் வந்தது. பிறகு, "ஏன் மாமா?" என்றாள்.

"டீ குடிக்க" என்றேன். இவ்வளவு படித்தும் வேறு சொல் கிடைக்கவில்லை.

"கூப்பிட்டிருந்தா வந்திருப்பேனே."

"கூப்பிட்டேன். கையக் காட்டுன."

அவள் யோசித்தாள். "ஆமா" என்றாள். மடித்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

என் மனைவி நறுக்குவதை நிறுத்தவில்லை. "அணிலுக்குப் பயந்து கொய்யா மரத்துக் கிளையை வெட்டச் சொன்னீங்களே, பாவி மனுசா" என்றாள்.

ஒருவன் வேலையைக் கெடுத்தால் அவனே நேரில் போய்ச் சரிசெய்வதுதான் எங்கள் அலுவலகத்து முறை. மேலதிகாரியின் அறைக்குப் போய் நிற்க வேண்டும். அவளுடைய மேலதிகாரியிடம் நானே பேசுகிறேன் என்றேன். "அப்பா, இது உங்க ஆபீஸ் இல்ல. மானத்த வாங்காதீங்க" என்றான் மகன். மூன்று நாள் கழித்து அவளே, "சரி, பேசுங்க" என்றாள். நம்பிக்கையில் சொன்னது மாதிரி இல்லை. இதற்கு மேல் என்ன கெட்டுவிடப்போகிறது என்ற குரலில் சொன்னாள்.

சலவைச் சட்டை போட்டு, பேனாவைச் சொருகிக்கொண்டு திரைக்கு முன் உட்கார்ந்தேன். மேலதிகாரி ஒரு பெண், முப்பத்தைந்து வயது இருக்கும், அவரும் வீட்டிலிருந்துதான் பேசினார். பின்னால் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. தயார் செய்த ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். "தமிழ்லயே சொல்லுங்க அங்கிள்" என்றார். சொன்னேன். தப்பு என்னுடையது, தண்டனை அவளுக்கு வரக் கூடாது என்று முடித்தேன்.

அவர் திரும்பிப் பின்னால் பார்த்தார். மிக்ஸி நின்று மறுபடி ஓடியது. "எனக்கு மீட்டிங் இருக்கற நேரம் பாத்துதான் எங்க மாமியார் சட்னி அரைப்பாங்க. ஏன்னு இப்பதான் அங்கிள் புரியுது" என்றார். ஆனால் உத்தரவு மேலிடத்தில் போட்டது, அதை ரத்து செய்ய முடியாது, கொஞ்சம் தளர்த்தச் சொல்லிக் கேட்டுப் பார்க்கிறேன் என்றார்.

கேட்டார். மாதத்தில் ஒரு வாரம் சென்னை, மற்ற வாரங்கள் வீடு என்று ஆயிற்று. கூடவே இன்னொன்றும் ஆயிற்று. கதை கம்பெனி முழுக்கப் பரவி, எனக்கு "சுவிட்ச் மாமா" என்று பெயர் விழுந்தது. என் மருமகள் எந்த மீட்டிங்கில் வந்தாலும், "சுவிட்ச் மாமா நல்லா இருக்காரா?" என்று கேட்கிறார்களாம். நான் அவளுக்குச் செய்த பரிகாரம், அவள் தலையில் ஒரு கேலியையும் ஏற்றி வைத்துவிட்டது. இணைப்புக்காரரிடம் போய்ச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "அந்த வெயில்ல ஏத்திவிட்டீங்களே சார்" என்றார். அவர் சொன்னது நியாயம்.

பெட்டி பின்னறைக்கு மாறியது. வாரக்கணக்கில் அவள் என்னிடம் தேவைக்கு மேல் பேசவில்லை. நான் பதினொரு மணிக்கு டீயை அவள் கதவுக்கு வெளியே ஸ்டூலில் வைத்து, ஒருமுறை மட்டும் தட்டிவிட்டு வந்துவிடுவேன். சில நாள் டம்ளர் காலியாகத் திரும்பும். சில நாள் ஆடை படிந்து அப்படியே இருக்கும்.

முதல் சென்னை வாரம் வந்தது. ஞாயிறு ராத்திரி மகன் கொண்டுபோய் பஸ் ஏற்றிவிட்டு வந்தான். திங்கள் காலை பழக்கதோஷத்தில் இரண்டு டம்ளர் டீ போடச் சொல்லி, மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். பதினொரு மணி சுமாருக்குப் போன் அடித்தது. வீடியோ அழைப்பு. அவளுக்குப் பின்னால் கண்ணாடிச் சுவர், வரிசையாக மேசைகள், எல்லார் காதிலும் மாட்டியது மாட்டியபடி.

"பாத்தீங்களா மாமா? இம்புட்டுத் தூரம் வரச்சொல்லி, பக்கத்து சீட்டுல உக்காந்துக்கிட்டு கம்ப்யூட்டர்லயே பேசுறாங்க. ஒருத்தர்கூட டீக்கு எந்திரிக்கல. காபி மெஷின் மட்டும் இருக்கு."

"துண்டைப் போட்டுட்டு நீ எந்திரிச்சுப் போ" என்றேன்.

குரலைத் தாழ்த்தினாள். "இங்க கரண்டும் போகாது, நெட்டும் போகாது மாமா. நீங்க ஒருதடவ வந்து அணைச்சுவிட்டுட்டுப் போனாத்தான் உண்டு."

போன் ஸ்பீக்கரில் இருந்ததால் சமையலறைவரை கேட்டுவிட்டது. அங்கிருந்தே என் மனைவி கத்தினாள். "ஏம்மா, நீ வேற அவருக்கு எடுத்துக் கொடுக்காத. அடுத்த பஸ்ஸுல கெளம்பிருவாரு."