டிக்கியில் பூட்டிய புது டயர்

1987-ல் இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த சமயம். ஒருநாள் காலை மனைவியையும் மூன்று மாதக் குழந்தையையும் என் அம்பாசடரில் ஏற்றிக்கொண்டு, வடக்கனந்தல் மாமனார் வீட்டிலிருந்து வெள்ளிமலைக்குக் கிளம்பினேன். மலைமேல் பள்ளிக்கூடத்தில் எனக்கு வாத்தியார் வேலை. மறியல் நடக்குது, ரெண்டு நாள் பொறுங்க என்றார் மாமனார். யாராவது பொறு என்றால்தான் எனக்குக் கால் பரபரக்கும்.

மலையடிவாரம் வருவதற்குள் சாலைக்குக் குறுக்கே ஒரு புளியமரம் கிடந்தது. பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள்.

"கைக்குழந்தை இருக்குது, ஒதுக்கி வுட்டுடறோம். கொளுத்தறதுக்கு ஒரு டயர் மட்டும் குடுத்துட்டுப் போங்க சார்."

முணுமுணுத்துக்கொண்டே இறங்கி டிக்கியைத் திறந்தேன். டிக்கியில் இருந்த ஸ்டெப்னி, உளுந்தூர்பேட்டையில் வாங்கிய புத்தம்புது டயர். பழைய நாலும் ரோட்டில் தேய, புதுசைப் பூட்டிவைப்பது எங்கள் பக்கத்துக் கார்க்காரர்களின் வழக்கம். கல்யாணப் புடவையைப் பீரோவில் வைக்கிற மாதிரிதான்.

"5.90-15! இந்த அளவு லேசுல கிடைக்காதுய்யா!" டயரின் பக்கவாட்டு எழுத்தைக் காட்டிக் கத்தினேன். மேதாவி! அந்த ஒரு வரியைத் தவிர வேறெதுவும் எனக்குப் படிக்கத் தெரியாது.

கூட்டத்திலிருந்து ஒருவர் லுங்கியை மடித்துக் கட்டியபடி வந்தார். கச்சிராயபாளையத்தில் பஞ்சர் கடை வைத்திருப்பவராம்.

"அது அகலமும் ரிம் அளவும் சார். 6 பி.ஆர்.னு போட்டுக்கீதே, அது சுமை தாங்குற பலம். கடைசி மூணு நம்பரைப் பாருங்க. மொதல் ரெண்டும் எத்தினியாவது வாரம், கடைசியா இருக்கிற ஒத்த நம்பரு வருசம், ஏழுன்னா எண்பத்தேழு. இது இந்த வருசத்துச் சரக்கு."

பிறகு துண்டால் சேற்றைத் துடைத்தபடி மற்ற நாலு டயரையும் சுற்றி வந்தார். முன்பக்க இடது சக்கரத்தில் கை நின்றது.

"இது செஞ்சு எட்டு வருசம் ஆவுது. புதுசை டிக்கியில பூட்டிக்கினு, செத்ததுல பொண்டாட்டி புள்ளய ஏத்திக்கினு வர்றீங்களே, இன்னா சார் இது? எங்களுக்கு இதைக் குடுங்க, போதும்."

அவரே ஜாக்கி போட்டார். ஸ்டெப்னியை முன்னால் மாட்டி, பழைய டயரை நெம்பிக் கழற்றிவிட்டு, வெறும் ரிம்மை டிக்கியில் போட்டார். கழற்றிய டயரின் உள்பக்கத்தை அழுத்திப் பார்த்தேன். நூல் நூலாகப் பிரிந்து என் கட்டைவிரல் வெளியே வந்துவிட்டது. மனைவி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

மரத்தை நகர்த்தி வழிவிட்டார்கள். மலையேறத் தொடங்கினோம். இடதுபக்கம் முழுக்கப் பள்ளம். வழக்கமாக நான் அந்த வளைவுகளில் ஒரு கையால் ஓட்டி வீரம் காட்டுவேன். நாலாவது வளைவு தாண்டியதும் மனைவி குழந்தையை மாரோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"அவங்க இன்னிக்கு மறிக்காம வுட்டிருந்தா?"

வண்டியை ஓரங்கட்டினேன். இறங்கிக் குனிந்து, மீதி மூன்று டயரிலும் அந்தக் கடைசி மூன்று நம்பரைத் தேடினேன்.