மூட்டை நான் தூக்கினேன், கூடை அவள் தூக்கினாள்

மினி பஸ் கொண்டை ஊசி வளைவில் மூச்சுத் திணறி நின்றதே... நாங்கள் எல்லோரும் இறங்கித் தள்ளினோமே... அந்த நேரம் பார்த்து யாரோ ஒருவர் கூடையிலிருந்து சேவல் ஒன்று பறந்து காட்டுக்குள் ஓட, டிரைவர் உட்படப் பாதிப் பேர் பஸ்ஸை விட்டுவிட்டுச் சேவலைத் துரத்தினார்களே — நினைவிருக்கிறதா? இங்கேதான் சொன்னேன். அந்தச் சேவல் ஓடியதற்கு அடுத்த வாரம் நடந்தது இது.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. எனக்கு எழுதப் படிக்க வராது. நான் சொல்லச் சொல்ல மருமகள் கோமதி போனில் தட்டி அனுப்புகிறாள். நன்றாக இருந்தால் அவள் எழுத்து. தப்பாக இருந்தால் என் பேச்சு. இதுதான் எங்களுக்குள் ஒப்பந்தம்.

அடுத்த வாரம் என்றேன் இல்லையா? அன்று உரம் வாங்க ஒடுகத்தூருக்கு இறங்கினேன்.

எதற்கு உரம்? புல்லுக்கு. சிரிக்காதீர்கள். மலையில் எங்களுக்கு இருப்பது ஒன்றரை ஏக்கர். சாமை விதைத்தது போக, ஓடையோரம் பத்து சென்ட்டில் மாட்டுப்புல் நட்டிருக்கிறேன். ஆள் உயரம் வளரும் புல். வெட்ட வெட்டத் துளிர்க்கும். அந்தப் பத்து சென்ட்தான் சிவப்பியின் சோறு.

சிவப்பி எங்கள் மாடு. இருப்பது ஒன்றே ஒன்று. என் வீட்டுக்காரி சின்னப்பொண்ணுவின் மாடு என்று சொன்னால்தான் சரி. எனக்கு அது பால் மட்டும்தான் தருகிறது. அவளுக்குப் பதில் சொல்கிறது.

இந்த வருஷம் சின்னப்பொண்ணுவுக்கு முழங்கால் மடக்க வரவில்லை. காட்டுக்குள் போய்ப் புல் அறுத்துத் தலைச்சுமையாகக் கொண்டுவந்த காலம் முடிந்தது. சிவப்பி வயிற்றிலோ கன்று. ஓடையோரப் புல்லோ மஞ்சள் பூத்து, முழங்கால் உயரத்துக்கு மேல் வர மாட்டேன் என்கிறது.

ஒரு நாள் காலையில் சின்னப்பொண்ணு சொல்லிவிட்டாள். மாட்டைப் பார்த்துச் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"தை பொறக்கறதுக்குள்ள புல்லு வந்துச்சின்னா மாடு இங்கியே கீட்டும். வர்லன்னா தரகர வரச் சொல்லு. வாயில்லாத ஜீவன பட்டினி போட என்னால ஆவாது."

அதனால்தான் ஒடுகத்தூர் போனேன்.

உரக்கடை பாய் எனக்கு ரொம்ப வருஷப் பழக்கம். அவருடைய அத்தா கல்லாவில் இருந்த காலத்திலிருந்து அந்தக் கடைதான். விலையைச் சொன்னார். போன தடவை சொன்னதைவிட இன்னொரு படி ஏறியிருந்தது. மூட்டையைத் தூக்கிப் பார்த்தேன். முன்பு மாதிரி கனமும் இல்லை.

"இன்னா பாய் இது? மூட்டை எளச்சிப் போய் கீது, வெலை மட்டும் கொழுத்துப் போய் கீது?"

"நானா ஏத்துறேன் பெரியவரே? மேலேருந்தே அப்டித்தான் வருது. இன்னும் ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதீங்க. யூரியா மட்டும் தனியா வராது. கூடவே இந்த பாட்டிலையும் எடுத்துக்கணும்."

"பாட்டில்ல இன்னா கீது?"

"எனக்கே தெரிலீங்க."

அதுதான் எனக்குப் பாயிடம் பிடித்தது. தெரியாததைத் தெரியாது என்பார். அவரே இன்னொரு விவசாயியைப் பேசிச் சேர்த்துவிட்டார். ஆளுக்குப் பாதி மூட்டை. பாட்டில் அந்த ஆளுக்குப் போய்ச் சேர்ந்தது.

எங்கள் மலைக்கு முதல் யூரியா மூட்டை வந்த நாள் எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. எங்கள் அம்மா அதை ஜவ்வரிசி என்று நினைத்துப் பானையில் போடப் போனாள். நல்ல வேளை, அப்பா வந்துவிட்டார். அன்று அது அவ்வளவு வெள்ளையாக, அவ்வளவு மலிவாக... சரி, எங்கேயோ போகிறேன். கோமதி பெருமூச்சு விடுகிறாள்.

திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் என் குறையைச் சொன்னேன். தோட்டம் துரவு உள்ள ஆள். விஷயம் தெரிந்தவர்.

"மாடு வச்சிகினு ஏங்க யூரியாவுக்கு அலையறீங்க? கோமியம் புடிச்சி ஊத்துங்க. அதுல இல்லாத சத்தா?"

அட! இது ஏன் எனக்குத் தோன்றவில்லை?

மறுநாளே சிவப்பிக்குப் பின்னால் வாளியோடு நின்றேன். மூன்று நாள் பிடித்தேன். அரை மூட்டை உரம் பாதிப் புல்லுக்கு என்று எடுத்து வைத்தேன். மீதிப் பாதிக்கு அப்படியே கோமியத்தை ஊற்றினேன். கணக்கு சரியாக வந்துவிட்டது என்று எனக்கு ஒரே பூரிப்பு.

ஊற்றி மூன்றாம் நாள் போய்ப் பார்க்கிறேன்... கோமியம் ஊற்றிய பக்கம் நுனியெல்லாம் பீடியால் சுட்ட மாதிரி கருகிக் கிடக்கிறது.

சின்னப்பொண்ணு கோலை ஊன்றிக்கொண்டு மெல்ல வந்து சேர்ந்தாள். பார்த்தாள்.

"அடப்பாவி! சிவப்பி மூத்தரத்துக்கே கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டியே!"

"பஸ்ல ஒருத்தரு சொன்னாரும்மே..."

"தண்ணி கலக்கச் சொல்லலியா அவுரு?"

சொல்லித்தான் இருப்பார். அந்த நேரம் நான் அவருக்குச் சேவல் ஓடின கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வெட்கத்தை மறைக்க வேண்டுமே. பழியை மூட்டை மேல் போட்டேன். "முழு மூட்டை வாங்க முடிஞ்சிருந்தா இதெல்லாம் எதுக்கு? அரை மூட்டை போட்டா அரைப் புல்லுதான் வரும்."

அவள் வரப்பில் உட்கார்ந்தாள். உட்காரவே ரொம்ப நேரம் ஆனது அவளுக்கு. உட்கார்ந்ததும் சிரித்தாள்.

"பதினோரு வருசமா உன் மூட்டைதான் இந்தப் புல்ல வளத்துச்சின்னு நெனச்சிகினு கீறியா?"

பதினோரு வருஷம் — அந்தக் கணக்கு எனக்குச் சுருக்கென்றது. ஏன் என்று சொல்ல வேண்டும்.

சின்னப்பொண்ணுவின் தம்பி அண்ணாமலை. எனக்கு மச்சான். நாற்பது ஆடு வைத்திருக்கிறான். சாமை அறுத்த பிறகு அவன் ஆடுகளை எங்கள் கொல்லையில் — நிலத்தைத்தான் அப்படிச் சொல்வோம் — பட்டி போடுவது வழக்கம். தட்டியால் வளைத்து ராத்திரி ஆடுகளை அடைத்து வைப்பதுதான் பட்டி. தினம் தட்டியைப் பிடுங்கித் தள்ளித் தள்ளி நட்டால், கொல்லை முழுக்கப் புழுக்கையும் மூத்திரமும் இறங்கிவிடும். இதற்குக் கூலி கிடையாது. ஆனால் கொல்லைக்காரன் வெற்றிலை பாக்கோடு போய் அழைக்க வேண்டும். பட்டி காக்கிறவனுக்குச் சாப்பாடு போட வேண்டும். அழைக்காத கொல்லையில் ஆடு உட்காராது.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், என் மகன் கல்யாணத்துக்கு முந்தின மாசம் முதல் முதலாகப் புல்லுக்கு மூட்டை உரம் போட்டேன். புல் கருகருவென்று வந்துவிட்டது. தலை கால் புரியவில்லை. கல்யாணப் பந்தியில் மச்சான், "இந்த வருசம் பட்டி எப்ப மாமா?" என்று கேட்டான். நான் ஊரே கேட்கச் சொன்னேன்: "உன் ஆட்டுப் புழுக்கை எதுக்குடா இனிமே? எல்லாம் மூட்டைலயே கீது!"

பந்தியே சிரித்தது. மச்சான் சிரிக்கவில்லை. பாயசத்துக்குக் காத்திருக்காமல் இலையை மூடிவிட்டு எழுந்தான்.

கோமதிதான் அன்று மணப்பெண். மாலையும் கழுத்துமாக அவளும் கேட்டாளாம். தட்டிக்கொண்டிருப்பதை நிறுத்திவிட்டு இப்போதுதான் சொல்கிறாள்!

அன்றிலிருந்து மச்சான் எங்கள் கொல்லைப் பக்கம் போகும்போதெல்லாம் ஒரே கேள்விதான். "இன்னா மாமா, எல்லாம் மூட்டைலயே கீதா?" பதில் கேட்க நிற்கவும் மாட்டான்.

வரப்புக்கு வருகிறேன். சின்னப்பொண்ணு சொன்னாள்:

"வாரத்துக்கு ரெண்டு கூடை. எந்தம்பி பட்டிலேருந்து. நம்ம எருக்குழில கொட்டி, மேல சாணிய போட்டு மூடிடுவேன். மழைக்கு முன்னாடி அள்ளி எறைப்பேன். இந்த வருசம் முட்டி போச்சி. கூடையும் போச்சி. புல்லும் போச்சி."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா வாணாம்பே. வாணாம்னா சிவப்பி எத்த துன்னும்? உன் ரோசத்தயா துன்னும்?"

கருகிய நுனி ஒன்றைக் கிள்ளிக் கீழே போட்டேன்.

எங்கள் பக்கம் மூட்டை சுமப்பது ஆம்பளை வேலை. எருக்கூடை சுமப்பது பொம்பளை வேலை. மூட்டை பஸ் ஏறி வரும். நாலு பேர் விலை கேட்பார்கள். அதற்கு ரசீது உண்டு. கூடைக்கு என்ன உண்டு? எங்கள் மலையிலேயே காவலூரில் பெரிய பெரிய கண்ணாடி வைத்து எங்கேயோ இருக்கும் நட்சத்திரத்தையெல்லாம் பார்க்கிறார்கள். என் வீட்டுக்குப் பத்தடி தள்ளி இருக்கும் எருக்குழியைப் பார்க்க எனக்குப் பதினோரு வருஷம் ஆகியிருக்கிறது.

தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு கிளம்பினேன். என்ன பேசுவது என்று வழியெல்லாம் ஒத்திகை. "மச்சான், அன்னிக்கு நான் சொன்னது தப்பு." அவ்வளவுதான். சின்ன வாக்கியம். ஏற்றத்தில் நாலு தடவை சொல்லிப் பார்த்தேன். நன்றாகத்தான் வந்தது.

மச்சான் ஒரு கிடாயின் குளம்பைச் சீவிக்கொண்டிருந்தான். தட்டைப் பார்த்தான்.

"இன்னா மாமா, தட்டெல்லாம் தூக்கிகினு வந்துகீற? எனக்குக் கண்ணாலம் ஆயி முப்பது வருசம் ஆவுதே!"

"பட்டி போடணும் மச்சான்."

"யாரு கொல்லைல?"

"எங்கொல்லைலதான்."

"மூட்டைல இல்லாதது எங்க ஆட்டுகிட்ட இன்னா மாமா கீது?"

வாக்கியம் தொண்டை வரை வந்தது. அங்கேயே உட்கார்ந்துகொண்டது. நான் கிடாயைப் பார்த்தேன். கிடா என்னைப் பார்த்தது.

மச்சான்தான் பேசினான். "அக்கா முட்டி எப்டி கீது?"

"மடக்க முடில."

"தெரியும். ரெண்டு மாசமா கூடை வர்ல. நானே கொணாந்து கொட்றேன்னு சொன்னேன். அக்காதான் வாணாம்னுது. 'உங்க மாமன் தட்டோட வர்ற வரிக்கும் ஒரு புழுக்கை கூட அனுப்பாத'ன்னுது."

பார்த்தீர்களா? தன் மாட்டையே பந்தயம் வைத்திருக்கிறாள்!

மச்சான் வந்து புல்லைப் பார்த்தான். கருகலைப் பார்த்தான். தலையில் கை வைத்துக்கொண்டான். "இன்னா மாமா, சாமிக்கு எதாச்சும் வேண்டிகினு புல்லுக்கு மொட்ட போட்டியா?" என்றான். அப்புறம் வேலையைச் சொன்னான். "கருகுனது, கருகாதது எல்லாத்தயும் அடியோட அறுத்துடு. ரெண்டு நாளு ஓடத் தண்ணிய திருப்பி வுட்டு ஊற வை. நல்லா காஞ்சப்பறம் ஆட்டக் கொணாறேன். நீ ஊத்துன கோமியத்துக்கும் இதான் வைத்தியம்."

புல் நின்றிருந்தால் ஆடு உட்கார இடம் ஏது? கோமியம் ஊற்றிக் கருக்கியதால்தான் அடியோடு அறுக்க மனசு வந்தது. இதை நான் பெருமையாகச் சொன்னபோது அக்காவும் தம்பியும் ஒரே மாதிரி முறைத்தார்கள்.

ஆறு நாள் பட்டி. ஆறு நாளும் தட்டி சுமந்தவன் நான். ஆறு நாளும் மச்சானுக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. முதல் நாள் கோழிக் குழம்பு. இல்லை, அது பஸ் சேவல் இல்லை. கேட்காதீர்கள்.

பிறகு ஒரு மழை. அதற்கப்புறம் நான் சொல்ல என்ன இருக்கிறது? இப்போது அந்தப் புல்லுக்குள் சிவப்பி நின்றால் கொம்பு மட்டும்தான் தெரியும். உர விலை இறங்கவில்லை. இறங்கும் என்று பாயும் சொல்லவில்லை. துளிர் விடுகிற சமயத்தில் மட்டும் கொஞ்சம் தூவினேன். அரை மூட்டையில் இன்னும் கொஞ்சம் பரணில் இருக்கிறது. கோமியத்தையும் விடவில்லை. ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து ஊற்றுகிறேன். கலப்பது சின்னப்பொண்ணு. வாளியை என் கையில் தருவதில்லை.

போன வாரம் தரகர் டூ வீலரில் ஏறி வந்தார். யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"மாடு குடுக்கறதா கேள்விப்பட்டனே பெரிம்மா?"

"டீ குடிச்சிட்டு போப்பா. அப்டியே அந்தாண்ட புல்ல ஒரு பார்வ பாத்துட்டு போ."

சொல்லிவிட்டுச் சிவப்பியின் கழுத்தைச் சொறிந்தாள். அது ஏதோ பதில் சொன்னது. எனக்குப் புரியவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது. அந்த ஒரு வாக்கியத்தைத் தவிர. ஆறு நாள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டும் அது என் வாயிலிருந்து வரவில்லை. வாயைத் திறந்தால், "இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்திக்க மச்சான்" என்றுதான் வருகிறது. மச்சானுக்கும் என்னை மாதிரியே படிப்பு கிடையாது. கோமதி தட்டினதை அவனாகப் படிக்கப் போவதில்லை.

அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். சந்தை நாளில் ஒடுகத்தூர் பக்கம் போகிறவர்கள், செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் நடுவே பச்சைத் துண்டு கட்டி நிற்கும் அண்ணாமலையைப் பார்த்தால் இதைப் படித்துக் காட்டுங்கள்: அன்று பந்தியில் உன் மாமன் சொன்னது தப்பு. எல்லாம் மூட்டையில் இல்லை.

காதோடு காதாகச் சொல்லிவிடாதீர்கள். சத்தமாகப் படியுங்கள் — அன்று பந்தியில் எத்தனை பேர் கேட்டார்களோ, அத்தனை பேருக்காவது கேட்கட்டும்.