டி கார்டில் நின்ற பாட்டு

மோட்டார் பட்டறையில் அவளைக் ‘காயில்’ என்றுதான் கூப்பிடுவார்கள். எரிந்துபோன மோட்டாரின் வயிற்றிலிருந்து கருகிய செம்புக் கம்பியை உருவி எடுத்துவிட்டு, சுற்று எண்ணிப் புதுக் கம்பி கட்டுவது இருபத்தோரு வருட வேலை. ஒரு சுற்று விட்டுப்போனாலும் விரலுக்குத் தெரிந்துவிடும். நாற்பத்து மூன்று வயதில் அவள் கிதார் படிக்கப் போனது ஆசையினால் அல்ல, ஒரு பதிவினால்.

அவள் கணவர் பள்ளி வேன் ஓட்டியவர். சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து தானாகவே கிதார் பழகியவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தான் கட்டிய மெட்டு ஒன்றைக் கைப்பேசியில் பதிந்தார். ஒரு நிமிடம் பன்னிரண்டு வினாடி. கடைசியில் கூடத்திலிருந்து அவள் குரல் கேட்கும்: “போதும், எந்திரிச்சு வாங்க. சாப்பாடு ஆறுது.” அதோடு பதிவு முடிந்துவிடும். அந்த வியாழக்கிழமையே வேனிலிருந்து இறங்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். எழவில்லை.

அந்த மெட்டைத் தானும் வாசிக்க வேண்டும் என்றுதான் வகுப்பில் சேர்ந்தாள். சொல்லித் தருபவள் செல்போன் ரிப்பேர் கடை நடத்தும் இருபத்தாறு வயதுப் பெண். கடைக்கு மேலே இருந்த அறையில், சாயங்காலம் நாலிலிருந்து ஐந்து வரை வகுப்பு.

“மத்தவங்களுக்கு விரல் காய்ச்சுப்போக ரெண்டு மாசம் ஆகும்க்கா. நீங்க ரெடியாவே வந்திருக்கீங்க” என்று முதல் நாளே சிரித்தாள்.

ஆறாம் மாதம் இலக்கணம் வந்தது: சில சுரங்கள் ஒரே மீட்டில் சேர்ந்து ஒலிக்கும் ‘கார்டு’களின் இலக்கணம்.

“ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு வீடு இருக்கும்க்கா. எங்க சுத்துனாலும் அங்க வந்தாத்தான் உக்காரும். அதுலேர்ந்து அஞ்சாவது கார்டு வாசப்படி மாதிரி. அங்கயே நின்னா காது பொறுக்காது.”

டீச்சர் ஜி, சி, டி என்று மூன்று கார்டுகளை வாசித்துவிட்டு டி-யில் கையை எடுத்துக்கொண்டாள். காயிலுக்குப் பொறுக்கவில்லை.

“முடிச்சிடும்மா.”

“பாத்தீங்களா!” என்று டீச்சர் ஜி-யை மீட்டினாள். மூச்சு இறங்கியது.

வீட்டுக்கு வந்து பதிவை ஓடவிட்டுத் தேடினாள். கார்டுகளைக் கண்டுபிடிக்க இரண்டு வாரம் ஆனது. டி, சி, ஜி, மறுபடி டி. மூன்றே கார்டுகள்தான், சுற்றிச் சுற்றி. அவள் காதுக்கு ஜி-தான் வீடு, அதில் சந்தேகமே இல்லை. அப்படியென்றால் அவர் கடைசியாக மீட்டிய டி வாசற்படி. உள்ளே காலெடுத்து வைக்கும் நேரத்தில்தான் அவள் கூப்பிட்டிருக்கிறாள்.

அதுவரை அது வெறும் மெட்டாக இருந்தது. தெரிந்துகொண்ட பிறகு அந்த டி அவளை விடவில்லை. குளிக்கும்போதும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கும்போதும் அது முடியாமல் தொங்கியது. தானே ஒரு ஜி வாசித்துச் சேர்த்துப் பார்த்தாள். அது அவளுடையதாக இருந்தது, அவருடையதாக இல்லை. யாரையும் சாப்பிடக் கூப்பிடுவதையே விட்டுவிட்டாள். தட்டை வைத்துவிட்டுக் காத்திருப்பாள்.

“ஏம்மா, ஒரு வார்த்தை கூப்பிட்டா வாயிலேர்ந்து முத்து உதிர்ந்திடுமா?” என்றாள் மகள்.

கடைசியில் பதிவை டீச்சரிடமே கொண்டுபோனாள். அவள் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டுவிட்டுப் புருவத்தைச் சுருக்கினாள்.

“கீழ சுருதி மாதிரி ஒண்ணு போயிட்டே இருக்கே, யாருக்கா அது?”

“சுருதியா? அவர் தனியாத்தானே இருந்தார்.”

“உங்களுக்குக் கேக்கலையா?”

கேட்கவில்லை. டீச்சர் சுருதி பார்க்கும் கருவியைப் பக்கத்தில் வைத்துப் பதிவை முதலிலிருந்து ஓடவிட்டாள். அவர் கை கம்பியில் படுவதற்கு முன்பே முள் ஏறி, ஜி-க்கு ஒரு மயிரிழை மேலே நின்றது.

“இது கிதார் இல்லக்கா. ஃப்ரிட்ஜ்.”

காயிலுக்குப் புரிந்தது. அது மின்சாரத்தின் முனகல். பட்டறையில் ஓடும் அத்தனை மோட்டாரிலும் அதே முனகல்தான். இருபத்தோரு வருடமாக அதற்குள்ளேயே இருந்ததால் அது அவள் காதில் விழுவதே இல்லை. ஆனால் காது மற்றதையெல்லாம் அதிலிருந்துதான் அளந்திருக்கிறது; ஜி-தான் வீடு என்று அவளுக்குத் தோன்றியதும் அதனால்தான்.

டீச்சர் அதே கார்டுகளைத் தன் கிதாரில் வாசித்தாள். “எனக்கு டி-தான்க்கா வீடு. அங்க கிளம்பி அங்கயே வந்து உக்காந்துட்டார். முடிஞ்சிருச்சு.”

“நிச்சயமா?”

டீச்சர் கொஞ்சம் யோசித்தாள். “பொய் சொல்லக் கூடாது. இந்த மூணு கார்டை ரெண்டு விதமாவும் கேக்கலாம்.”

“அவர் எப்படிக் கேட்டிருப்பார்?”

டீச்சர் கைப்பேசியை அவளிடம் திருப்பிக் கொடுத்தாள்.

மறுநாள் ஞாயிறு. மகள் வெளியே போயிருந்தாள். காயில் ஃப்ரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினாள். சமையலறை அவ்வளவு அமைதியாக இருந்து அவள் பார்த்ததில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து வாசித்தாள். டி, சி, ஜி, டி. கையை எடுத்தாள். அது எங்கேயும் போகவில்லை, உட்கார்ந்துவிட்டது.

பிறகு பதிவை எடுத்து, இதுவரை செய்யாத ஒன்றைச் செய்தாள். கடைசி டி-க்கும் தன் குரலுக்கும் நடுவே உள்ள நேரத்தை எண்ணினாள். ஒன்பது வினாடி. அடுத்த கார்டைத் தேடும்போது அவர் கை சும்மா இருக்காது. கிதார் கட்டையில் தாளம் தட்டும், விரல் கம்பியில் உரசும். இந்த ஒன்பது வினாடியில் ஒரு உரசல்கூட இல்லை. அவர் முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

திங்கட்கிழமை பட்டறையில், கட்டி முடித்த மோட்டாரைச் சோதிக்க ஸ்விட்சைப் போட்டாள். வாழ்க்கையில் முதல் தடவையாக முனகல் காதில் விழுந்தது. அதன்மேல், மனசுக்குள், அவருடைய டி, தெளிவாக, வாசற்படியிலேயே நின்று உள்ளே வராமல். அணைத்தாள். டி உட்கார்ந்துவிட்டது. அமைதி.

“என்ன காயில், மோட்டார்ல சத்தம் வருதா?” என்றார் முதலாளி.

“இல்லண்ணே, நல்லாத்தான் ஓடுது.”

“அப்புறம் ஏன் நிறுத்துன?”

அவள் ஸ்விட்சில் விரலை வைத்தபடி நின்றாள். நிறுத்தினால் அவர் முடித்துவிடுகிறார். ஓடவிட்டால் அவருக்கு இன்னும் ஒரு கார்டு பாக்கி இருக்கிறது.

ஸ்விட்சைப் போட்டாள்.